என் கூடையில் அவள் போட்ட கொழுந்து

இதை எழுத நான் யார் என்று நீங்கள் கேட்கலாம். தோட்டப் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குச் சாமான் துண்டும், மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு லீவுக் கடிதமும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. படித்தவர்கள் வாசிக்கிற இடத்தில் என் கைவலியைக் கொண்டுவந்து வைப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். மகளைத் தலவாக்கலைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் என் நாத்தனார் இருக்கிறாள். வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிட இரண்டு வயது இளையவள். நான் பேசாமல் விட்டதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மலையிலும் என் தேயிலை நிரைக்குப் பக்கத்து நிரை அவளுடையதுதான்.

முதலில் தெரிந்தது மலைத் தண்ணீர் விழுகிற பீலியில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கையில் தண்ணீர் பட்டதும் நடுவிரலும் மோதிரவிரலும் பாதிவரை வெள்ளையாகிவிட்டன. கோதுமை மாவில் தோய்த்து எடுத்த மாதிரி. தொட்டுப் பார்த்தேன். தொடுகிற விரலுக்குத் தெரிந்தது, தொடப்பட்ட விரலுக்குத் தெரியவில்லை.

"என்னா அண்ணி, வெள்ளைக்காரி ஆகிட்டீங்க?" என்று நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் நீலமாகி, பிறகு சிவந்து, நெருப்பில் வைத்ததுபோல எரிந்தன. அப்போது அவளும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வலி வந்தது. ஓர் இடத்தில் நிற்கிற வலி இல்லை. திங்கட்கிழமை மணிக்கட்டில் இருக்கும், வியாழக்கிழமை முழங்காலில். ஒரு ஞாயிறு தாடையில் வந்து சோற்றை மெல்ல முடியவில்லை. கூரைக்குள் எலி புகுந்தால் இப்படித்தான். ஒரு மூலையில் சத்தம் கேட்கும், விளக்கைக் கொண்டுபோனால் வேறு மூலையில் கேட்கும்.

காலையில் விழிப்பு வந்ததும் நான் கையை அசைப்பதில்லை. கம்பளிக்குள் அப்படியே கிடப்பேன். அசைக்காத வரைக்கும் இன்றைக்குக் கை எப்படி என்று தெரியாது. தெரியாமல் கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு அன்றைய நல்ல நேரம். பிறகு மெதுவாக மடக்கிப் பார்ப்பேன். மடங்காது. தீப்பெட்டி பிடிக்க வராது. சீனிப் போத்தலின் மூடியைப் பல்லால் திறப்பேன். இதெல்லாம் பத்து மணி வரைக்கும்தான். வெயில் ஏறினால் விரல்கள் ஒருவாறு இளகிவிடும். யார் பார்த்தாலும் நல்ல கை மாதிரி இருக்கும்.

என் கஷ்டமே அதுதான். வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்தது பத்து மணிக்குப் பிறகு.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் என்னைப் பார்க்காமலே, "குளிருதாம்மா. இந்த ஊருல யாருக்கு வலி இல்ல, சொல்லுங்க பாப்போம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் லயத்தில் இடுப்பு வலி, முழங்கால் வலி இல்லாத பொம்பளை ஒருத்திகூட இல்லை. எல்லோருக்கும் வலிக்கிற இடத்தில் என் வலி வேறு மாதிரி என்று எப்படிச் சொல்வது? சொன்னால் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்பார்கள். டவுனில் ஒரு டொக்டர் மாதவிடாய் நிற்கிற வயது என்றார். இன்னொருவர் கவலைக்கு மாத்திரை கொடுத்தார். எண்ணெய் தேய்த்தேன், கோயிலில் நூல் கட்டினேன். யாரோ செய்வினை என்றார்கள்.

"உங்களுக்கு எவ செய்வினை வைக்கப் போறா?" என்று கேட்டாள் நாத்தனார். "ஒரு ஆளோட சண்ட போட்டிருக்கீங்களா இத்தன வருஷத்துல? சண்டையே போடாதவளுக்கு எவனும் வேல மெனக்கெட்டுச் செய்வினை வைக்க மாட்டான் அண்ணி."

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர் சின்ன வயசு டொக்டர், சிங்களப் பெண். தமிழைத் தேடித் தேடிப் பேசினார். எனக்கு வாங்குப் பலகையில் உட்கார்ந்தபோதே சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துப் பார்த்தபோது விரல்கள் சூடாக இருந்தன, பஸ்ஸில் வரும்போது கம்பளிக்குள் அக்குளில் வைத்துக்கொண்டே வந்திருந்தேன். டொக்டர் தொடுகிற கை குளிர்ந்திருக்கக் கூடாது என்று ஒரு மரியாதை. இப்போது எப்படி என்று அவர் கேட்டார். "தென் ஹொந்தாய்" என்றேன். இப்போது நல்லம் என்று. சிங்களத்தில் எனக்குப் பயமில்லாமல் வருகிற வார்த்தை அது ஒன்றுதான்.

இருந்தாலும் அவர் என்னை விட்டுவிடவில்லை. இரத்தம் எடுத்தார். இரண்டாவது தடவை போனபோது இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, ஒடம்புக்குள்ள ஒரு பொலிஸ் இருக்கு. கிருமி வந்தா அடிக்கும். சில ஆளுக்கு அந்தப் பொலிஸ் வீட்டு ஆளுங்களையே அடிக்கும். உங்களுக்கு அப்பிடியா, எனக்கு இன்னும் தெரியாது. ஒரு ரிப்போட் ஆமா சொல்லுது. ஒரு ரிப்போட் இல்ல சொல்லுது."

கிருமி என்றால் வெளியிலிருந்து வந்தது, வெளியே அனுப்பலாம். என் உடம்பில் இருப்பதே என்னை அடிக்கிறது என்றால் நான் எங்கே ஓடுவது? பஸ்ஸில் திரும்பி வரும்போது என் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தக் கிளினிக் வாங்கில் ராகலைப் பக்கத்து அக்கா ஒருத்தியைப் பார்த்தேன். அவளுடைய விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, காற்றடித்த புல்லைப் போல. தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "இத கொஞ்சம் தொறந்து குடு தங்கச்சி" என்றாள். என்னால் முடியவில்லை. நான் போத்தலைப் பிடிக்க, அவள் மூடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருக, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போராடினோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு கை இருந்தும் ஒரு மூடி தொறக்க வழியில்ல" என்றாள். பிறகு, எனக்கு என்ன என்று கேட்டாள். இன்னும் தெரியாதாம் என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஆறு வருஷம் சொன்னாங்க. தெரிஞ்சப்ப வெரலு போயிருச்சி."

அன்றிலிருந்து எனக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது அந்த ஆறு வருடம்தான். எனக்கு இரண்டு முடிந்துவிட்டது.

இனிச் சொல்லப்போவதை எங்கள் ஆட்கள் யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். மலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நிரையில் நின்றால், அல்லது காய்ச்சலோடு ஒருத்தி வந்தால், பக்கத்து நிரைக்காரி போகிற போக்கில் ஒரு பிடி கொழுந்தை அவள் கூடைக்குள் எறிந்துவிட்டுப் போவாள். கேட்டு எறிவதில்லை. வாங்கியவள் நன்றி சொல்வதும் இல்லை. தலையைக்கூடத் திருப்பக் கூடாது. ஒவ்வொரு நாளும் இத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்று தோட்டத்தில் கணக்கு இருக்கிறது. குறைந்தால் அந்த நாள் அரைப் பேராகத்தான் எழுதப்படும், பாதி நாள் வேலை செய்த மாதிரி. ஒருத்தியின் கொழுந்து இன்னொருத்தியின் கூடையில் விழுவது குற்றம்தான். என்றாலும் அது விழும். நாத்தனார் தன் கடைசிப் பையனை வயிற்றில் சுமந்தபோது நான் அவளுக்குப் போட்டிருக்கிறேன்.

என் விரல்கள் மடங்காமல் போனதிலிருந்து அவள் எனக்குப் போட்டாள். முதலில் ஒரு பிடி, இரண்டு பிடி. பிறகு பாதிக் கூடை அவளுடையதாகவே இருந்தது. அவள் கை வேகமான கை. இரண்டு பேருக்கும் சேர்த்து எடுத்தாள். பகல் நிறுவையில் எனக்கும் முழு நிறை வந்தது, அந்தியிலும் வந்தது. நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

மூன்றாவது தடவை போனபோது டொக்டர் கேட்டார்: "தோட்டத்துல இருந்து ஒரு துண்டு எழுதிக் கொண்டு வாங்க. முந்தி எத்தன கிலோ, இப்ப எத்தன கிலோ. கை எவ்வளவு கொறஞ்சதுன்னு நான் பாக்கணும். அத வச்சித்தான் கண்டிக்குப் பெரிய டொக்டர்கிட்ட அனுப்பலாம்."

நான் செய்த பிழை இங்கேதான். கொழுந்து நிறுத்து எழுதுகிற கண்டாக்கு ஐயாவிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை, கொஞ்சம் அவசரக்காரர். "ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு வேணுங்க ஐயா. நல்லா எழுதிக் குடுங்க" என்றேன். நல்லா எழுதிக் கொடுங்கள் என்று என் வாயாலேயே கேட்டேன். நல்ல துண்டு கொண்டுபோனால் டொக்டர் என்னை மதிப்பார், நல்ல வேலைக்காரி பொய் சொல்ல மாட்டாள் என்று நினைப்பார் என்பது என் எண்ணம். எங்களுக்குத் துண்டு என்றால் நல்லதாக இருக்க வேண்டும். கெட்ட துண்டை யாராவது கேட்டு வாங்குவார்களா?

அவரும் நல்லாவே எழுதினார். இரண்டு வருடமாக ஒரு நாள்கூட நிறை குறையவில்லை, ஒழுங்கான தொழிலாளி என்று. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

டொக்டர் அதை வாசித்தார். வாசித்து முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "கிலோ கொறையவே இல்ல அம்மா. கை நல்லா வேல செய்யுது. அது ரொம்ப நல்ல விஷயம். கண்டிக்கு இப்ப தேவையில்ல. நாலு மாசம் கழிச்சிப் பாப்போம்." எனக்காக அவர் சந்தோஷப்பட்டார். அந்தக் கிலோவில் பாதி என்னுடையது இல்லை டொக்டர் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அது யாருடையது என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தேன். "ஹரி டொக்டர்" என்று வந்தது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாலு மாதம். ராகலை அக்காவின் விரல்கள் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன.

அன்று பொழுதுசாய நாத்தனாரின் குசினிக்குப் போனேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"புள்ள, நாளைக்கு எனக்குப் போடாத."

"என்னாத்த?"

"கொழுந்த."

அவள் கை நிற்கவில்லை. "ஏன், என் கொழுந்து கசக்குதாக்கும்?"

"வெளையாடாத. டொக்டர் துண்டப் பாத்துட்டு எனக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. முழு நெற எடுக்கிற கைக்கு என்ன வருத்தம்னு யாரு நம்புவா?"

"அங்கயே வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே. வாய் எதுக்கு இருக்கு, தேத்தண்ணி குடிக்க மட்டுமா?"

"சொன்னா உன்னையும் சேத்துத்தானே சொல்லணும்."

அப்போதுதான் ரொட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அரைப் பேரு போடுவாங்க அண்ணி. அது ஒரு நாளோட நிக்காது. தொடர்ந்து விழுந்துச்சின்னா வேலையிலருந்தே பேர வெட்டிடுவாங்க. அப்புறம் இந்தக் காம்பராவுல எந்த மொகத்தோட இருப்பீங்க?"

"தெரியல."

"தெரியலையாம்! மொத மொதலா நீங்களாச் செய்யுற காரியம், அதுவும் இப்படி." கையில் இருந்த மாவைத் துடைத்தாள். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு அண்ணி" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கூடையில் கிடந்த பாம்பைக் கையால் எடுத்து வீசியவள் அவள். அவளுக்கே பயம் என்றால், நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே புரியவில்லை என்று தோன்றியது. என்றாலும் போடாதே என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். மலை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஈரம் படாமல் இடுப்பில் சுற்றுகிற படங்கைக் கட்டிக்கொள்ளவே எனக்கு நேரமெடுத்தது. நிரையில் இறங்கினேன். ஈரச் செடியில் கை வைத்ததும் விரல்கள் வெளுத்துவிட்டன. வெளுத்த விரலால் கொழுந்தைக் கிள்ள முடியாது, கிள்ளியது வந்ததா இல்லையா என்று தெரியாது, பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பெருவிரலின் பக்கத்தால் நசுக்கி இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டில் ஊசி இறங்கியது. மற்றவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மட்டும் தன் நிரையில் மெதுவாகப் போனாள். ஒரு தடவை அவள் கை நிறையக் கொழுந்தோடு என் கூடைப் பக்கம் நீண்டது. நான் விலகினேன். கை திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை.

பகல் நிறுவைக்கு, கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்கு முன்னால் வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. கூடையைத் தூக்கி வைத்தேன். தராசில் சிவப்பு எழுத்தில் நாலரை என்று காட்டியது. மற்ற நாட்களில் அந்நேரத்துக்கு அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்.

"என்னாம்மா, தராசு கெட்டுப்போச்சா?" என்றார் கண்டாக்கு ஐயா.

பின்னாலிருந்து ஒருத்தி, "அக்கா இன்னைக்கி ஒவ்வொண்ணா எண்ணி எடுத்திருக்கு" என்றாள். சிரித்தார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்படியே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், நாளைக்கு எல்லாம் பழையபடி நடக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது நல்ல வழியாகவும் தெரிந்தது.

"தராசு நல்லாத்தாங்க ஐயா இருக்கு" என்றேன். கையை நீட்டினேன். மூன்று விரல் வெள்ளை, இரண்டு விரல் நீலம். செத்தவளுடைய கை மாதிரி இருந்தது. சிரித்தவள் நிறுத்திவிட்டாள்.

ஐயா கையைப் பார்த்தார், தன் புத்தகத்தைப் பார்த்தார். "இதுவரைக்கும் முழு நெற. எழுதினது நான். ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்ததும் நான். அப்ப நான் பொய்யா எழுதினேன்?" முந்தைய பக்கங்களை அவசரமாகப் புரட்டினார். அவருக்கு மேலே தோட்டத்துத் தொரை இருக்கிறார், அவருக்கும் பயம் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

"நீங்க எழுதினது சரிதாங்க ஐயா" என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து. "கூடையில இருந்தத எழுதினீங்க. யாரு போட்டதுன்னு தராசு சொல்லுமா?"

"அப்ப யாரு போட்டது?"

"மலையில பேய் பிசாசெல்லாம் கெடக்குங்க ஐயா. எனக்கென்ன தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும். மற்றவர்கள் கூடையிலிருந்து நானே திருடினேன் என்றாவது சொல்ல வேண்டும். நாத்தனார் என்னைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க போட்டேன். ரெண்டு வருஷமா."

ஐயா புத்தகத்தை அன்றைய பக்கத்துக்குத் திருப்பினார். பிறகு என் பேருக்கு நேரே நாலரை என்று எழுதினார். நான் நகரவில்லை.

"இன்னும் என்னாம்மா?"

"இந்த நெறய ஒரு துண்டுல எழுதிக் குடுங்க ஐயா. டொக்டருக்குக் காட்டணும். முந்தி எழுதினது என் கையோட நெற இல்லைன்னும் எழுதுங்க."

இருபத்தெட்டு வருடத்தில் அந்த மடுவத்துக்கு முன்னால் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். அவர் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "மத்தத நாளைக்குப் பாக்கலாம்" என்று நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார்.

துண்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு மலைக்குத் திரும்பினேன். அந்தியில் லயத்துக்குப் போகும்போதும் அவள் எனக்கு முன்னால்தான் நடந்தாள், எனக்காக நிற்கவில்லை. அவளுக்கு நான் செய்தது சரியா என்று யோசித்தேன். அதைவிட இன்னொன்று பயமாக இருந்தது. இவ்வளவு நாளும் டொக்டர் நம்ப வேண்டும் என்றுதான் தவித்தேன். இப்போது இந்தத் துண்டைப் பார்த்து அவர் நம்பிவிட்டால் எனக்கு நோய் இருப்பது உண்மையாகிவிடும். உண்மையானால் அதோடு நான் இருந்தாக வேண்டும்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில், கையை அக்குளில் வைக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் துண்டையும் விரல்களையும் பார்த்தார், கண்டிக்குக் கடிதம் எழுதினார், மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொன்னார். நாத்தனார் மலைக்குப் போனாள். அவளுக்கு என் நிரைக்கு எட்டாத வேறு நிரை கொடுத்திருந்தார்கள்.